வேகத்துக்காகக் கழற்றியது

அந்தக் கடைத்தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. விண்ணப்பம் போட வருகிறவர்கள் அவசரப்படுத்தினால், “நிதானம், நிதானம்” என்று கையைக் காட்டி அடக்குவார். பதினான்கு வருடமாக அப்படி அடக்கி அடக்கி அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. “நிதானம் கடைல குடுத்துட்டியா?” என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் புரியும்.

கடை ஒன்றும் பெரிதில்லை. மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு நீள அறை. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். வலது சுவரோரம் ஜெராக்ஸ் மெஷின், ஸ்கேனர், பிரிண்டர். உள்ளே தள்ளி ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். வருகிறவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் ஆடும். அதில் உட்காருகிறவர்களை நிதானமாக இருக்கச் சொல்ல வேண்டியதே இல்லை.

லைசென்ஸோ, பென்ஷனோ, பிறப்புச் சான்றிதழோ, எதுவானாலும் அனுப்புவதற்கு முன் மூன்று தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அப்பா பேர் சரியா, பிறந்த தேதி சரியா, கதவு எண் சரியா என்று கேட்டுக் கேட்டு ஆளின் உயிரை வாங்குவார். ஆனால் ஒன்று, அவர் கையால் போன விண்ணப்பம் ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

புகைப்படங்களை வைத்துக்கொள்வதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யார் படம் கொடுத்தாலும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுவார். ஸ்கேனர் தானாகக் கொடுக்கும் நீளமான எண்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர். அதை மாற்றமாட்டார். “முகம் இருக்கும்போது பேரு எதுக்குங்க?” என்பார். ஃபோல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேர் சின்னச் சின்ன முகங்களாக வரிசைகட்டி நிற்பார்கள். வேண்டிய முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

இப்படி எல்லாவற்றிலும் பொறுமையாக இருந்தவருக்கு, அந்தக் கம்ப்யூட்டரின் பொறுமையை மட்டும் தாங்க முடியவில்லை. ஒன்பது வருடத்துக் கிழம் அது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, கடையைப் பெருக்கி, நாற்காலிகளைத் துடைத்து, மருந்துக்கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் யோசிக்கும். மூடச் சொன்னால் அதற்கும் யோசிக்கும். சும்மா இருக்கச் சொன்னால்தான் அதற்குச் சௌகரியம்.

வருகிறவர்களின் விண்ணப்பமாவது நாளைக்குப் போகும், நாளை மறுநாள் போகும். சொந்த மகளின் விண்ணப்பம் அப்படி இல்லை.

மகளுக்கு வயது இருபத்து நான்கு. ஒரு கிளினிக்கில் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். அவளுக்கு ரத்தம் பரிசோதிக்கும் லேப் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருடப் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. மொத்தம் அறுபது இடம். மதிப்பெண் தகுதி இருக்கிறவர்களில், இணையத்தில் முதலில் விண்ணப்பிக்கும் அறுபது பேருக்கு இடம். வருடத்தில் ஒரே நாள், காலை பத்து மணிக்குத் தளம் திறக்கும். அறுபது நிறைந்ததும் மூடிவிடும். அப்படி ஓர் ஏற்பாட்டை எந்த மகராசன் யோசித்தானோ.

போன வருடம் நிதானம்தான் போட்டார். பக்கத்தில் மகள் நின்றாள். பத்து மணிக்குப் பக்கம் திறந்தது. பெயர் அடித்தார், மதிப்பெண் அடித்தார், புகைப்படத்தை ஏற்றும் இடம் வந்ததும் கம்ப்யூட்டர் கல்லாகச் சமைந்துவிட்டது. மவுஸைத் தேய்த்தார், தட்டினார், பல்லைக் கடித்தார். அது மறுபடி உயிர் பெற்று வந்தபோது மணி பத்து ஆறு. ‘இடங்கள் நிறைவடைந்தன’ என்று திரையில் ஒரு வரி. மகள் பையை எடுத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவருக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

இந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் டோக்கன்தான்.

அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் சாப்பிடும்போது மகள் மெதுவாகப் பேச்செடுத்தாள்.

“அப்பா, எதிர்க் கடை அக்கா புதுசா மூணு சிஸ்டம் போட்டிருக்காங்க. தொட்டாலே திறக்குதாம். இந்தத் தடவை அங்க போட்டுக்கலாமா?”

எதிர்க் கடை என்றால் நிஜமாகவே எதிர்க் கடை. தெருவுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கதவு போட்டு, போன வருடக் கடைசியில் ஒரு பெண்மணி திறந்தது. நிதானத்துக்குச் சுருக்கென்றது.

“ஊருக்கெல்லாம் நான் போட்டுக் குடுக்கறேன். என் பொண்ணு போய் அடுத்தவங்க கடைல வரிசைல நிக்கணுமா?”

“வரிசைல நின்னா என்ன குறைஞ்சா போயிடுவா?” என்றாள் மனைவி. “அவ கேக்கறதுல என்ன தப்பு? போன தடவை நடந்தது மறந்துபோச்சா?”

“மறக்கறதா? நானா?” என்றார். அதற்குமேல் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். கடைசியில் மகள்தான் இறங்கி வந்தாள். “சரிப்பா, நீங்களே போடுங்க. எனக்கு அன்னிக்குக் காலைல டூட்டி வேற.” அவருக்கு அது போதும். மறுநாளே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார்.

ரிப்பேர்காரர் வந்து ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

“புதுசு வாங்கிடுங்க சார்.”

“புதுசு வாங்க வழி இருந்தா உங்கள எதுக்குய்யா கூப்பிடறேன்?”

“அப்போ இதோட அலங்காரத்தையாவது கழட்டுங்க. ஒரு பெட்டி திறந்தா மெல்ல விரியுதா? மூடினா சுருங்கிச் சுருங்கிப் போகுதா? அம்புக்குறிக்குக் கீழ ஒரு நிழல் விழுது பாருங்க. இதெல்லாம் பண்றதுக்கு அதுக்குத் தெம்பு வேணும்ல. கிழவனுக்குச் சீவிச் சிங்காரிச்சு விட்டு ஓடச் சொன்னா ஓடுவானா?”

செட்டிங்கைத் திறந்து, அதற்குள் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளும் ஒன்றைத் திறந்து அந்தப் பட்டியலைக் காட்டிக் கொடுத்தார். இருபது வரிபோல இருந்தது. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். வேண்டாததன் டிக்கை எடுத்துவிட்டால் அந்த ஜோடனை போய்விடும். மேலே தனியாக இரண்டு வழி. ஒன்றை அமுக்கினால் எல்லா அழகும் வரும். இன்னொன்றை அமுக்கினால் எல்லா அழகும் போய் வேகம் மட்டும் மிஞ்சும்.

“ஒரேயடியா எல்லாத்தையும் எடுத்துடாதீங்க. பாத்துப் பாத்து எடுங்க” என்று சொல்லிவிட்டு ரிப்பேர்காரர் போய்விட்டார்.

பாத்துப் பாத்துச் செய்வதைத்தான் நிதானத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒரு வாரம் அதுதான் வேலை. கூட்டம் இல்லாத நேரமெல்லாம் பட்டியலைத் திறந்து ஒரு டிக்கை எடுப்பார். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார். கைப்பேசியில் நேரம் வைத்து, ஆஸ்பத்திரித் தளம் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார். நிழலை எடுத்தார். ஒரு நொடி குறைந்தது. மெனு மெல்ல விரிவதை எடுத்தார். ஒன்றும் குறையவில்லை. எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்குவதை எடுத்தார். எழுத்தெல்லாம் எலி கடித்ததுபோல் ஆகி, அரை மணியில் கண் எரிந்தது. அதைத் திரும்பப் போட்டார். ஒரு நாள் நன்றாக இருக்கும். ‘அப்பாடா’ என்று வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் பழையபடி வட்டம் சுற்றும். தலையால் தண்ணீர் குடித்தும் நாலைந்து நொடிக்குமேல் மிச்சம் பிடிக்க முடியவில்லை.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, அவர் திரையை முறைத்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“இன்னிக்கு எதப் புடுங்கினீங்க?”

“பெட்டிய இழுக்கும்போது உள்ள இருக்கறது தெரியுமில்ல, அத.”

“நிழலு, அது இதுன்னு புடுங்கிப் புடுங்கி மிச்சம் என்ன இருக்கும்? பேசாம எதிர்க் கடையில...”

“நீ சாப்பாட்ட வச்சுட்டுக் கிளம்பு” என்றார். மனைவி டிபன் பாக்ஸை நங்கென்று வைத்துவிட்டுக் கிளம்பினாள். பாவம், அவள் என்ன செய்வாள். கோபமெல்லாம் அந்தக் கிழத்தின்மேல். அதைத் திட்டினால் அது வாங்கிக்கொள்ளாது. மனைவியென்றால் வாங்கிக்கொள்வாள்.

விண்ணப்ப நாளுக்கு முந்தின நாள் மாலை, கடை மூடுவதற்கு முன் மகளின் புதுப் படத்தை ஸ்கேன் செய்தார். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிகிறது, விதிப்படி எல்லாம் சரி. அறிவிப்பில் இருந்த விதிகளையும் மறுபடி படித்தார். கைப்பேசியில் விண்ணப்பிக்க முடியாது. ஒருவரின் அடையாள எண்ணுக்கு ஒரே விண்ணப்பம். அனுப்பிய பிறகு திருத்த முடியாது. விவரமோ படமோ மாறியிருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், எக்காரணம் கொண்டும் மறுபரிசீலனை இல்லை. இதே விதிகளை அந்த வாரம் வந்த நாலு பேருக்கு அவரே படித்துக் காட்டி, பயமுறுத்தி, “அன்னிக்கு நேரத்துக்கு முடிச்சுத் தர்றேன்னு வாக்குக் குடுக்க முடியாதுங்க” என்று அனுப்பிவைத்திருந்தார்.

அன்று காலை எட்டரைக்கே கடை திறந்தார். ஒன்பதரைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார், லைசென்ஸ் புதுப்பிக்க. “பதினோரு மணிக்கு மேல வாங்க” என்றார் நிதானம். மனிதர் விடவில்லை. “போட்டோவையாவது வாங்கி வச்சுக்குங்க சார், நான் தொலைச்சுடுவேன்” என்று கெஞ்சினார். சரி, தொலைகிறது என்று படத்தை வாங்கி ஸ்கேனரில் வைத்து எடுத்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

பத்தாக ஒரு கால் மணி இருக்கும்போது கம்ப்யூட்டர் நின்றது. அம்பு அசையவில்லை. வட்டம்கூடச் சுற்றவில்லை. நிதானம் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மேசையில் ஓங்கி ஒரு அறை விட்டார். பதினான்கு வருடத்தில் அவர் மேசையை அறைந்து மருந்துக்கடைக்காரர் கேட்டதில்லை. என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல, போங்க” என்றார் நிதானம்.

கரண்ட்டைப் பிடுங்கிப் போட்டார். திரும்ப எழுந்து வர ஐந்து நிமிடம் தின்றது. ஒன்பது ஐம்பத்து மூன்று. அவருக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. ஒரு வாரமாக ஒவ்வொரு டிக்காக எடுத்து இந்தச் சனியனுக்குத் தாலாட்டுப் பாடினோமே என்று வந்தது. செட்டிங்கைத் திறந்தார், உள்ளே போனார், மேலே இருந்த அந்த இரண்டாவது வழியை அமுக்கினார். அழகே வேண்டாம், வேகம் மட்டும். இருபது வரியிலும் மிச்சமிருந்த டிக்கெல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போயின. எவையெவை போயின என்று அவர் படிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைப் படிக்காமல் ‘சரி’ கொடுத்தார்.

திரை ஒரு முறை இமைத்தது. எல்லாம் தட்டையாக, சாம்பல் நிறத்தில், வெள்ளையடிக்காத சுவர் மாதிரி நின்றது. ஆனால் தளத்தைத் திறந்தார் பாருங்கள், தொட்டதும் திறந்தது. மூடினார், மூடியது. மறுபடி திறந்தார். அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “இத்தனை நாளா எங்கடா போயிருந்த?” என்றார் அதைப் பார்த்து.

பத்து மணி. பக்கம் வந்தது. பெயர், அடையாள எண், பிறந்த தேதி, மதிப்பெண். அவர் விரல் இத்தனை வேகமாகப் போகும் என்று அவருக்கே தெரியாது. அவசரத்திலும் பெயரையும் தேதியையும் ஒருமுறை படித்துக்கொண்டார். பக்கத்தின் மூலையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. பதினேழு. இருபத்திரண்டு.

கடைசிப் பக்கம், புகைப்படம். ஃபோல்டரைத் திறந்தார்.

முகங்கள் இல்லை.

ஊரில் பாதிப் பேர் நின்ற இடத்தில், ஒரே மாதிரியான சின்ன வெள்ளைத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் அதே மலை, அதே சூரியன். கீழே அந்த நீள எண்கள். அவர் பறித்துப்போட்ட இருபதில் ஒன்று, படங்களின் சின்ன உருவத்தைக் காட்டும் வேலை. ஒவ்வொன்றாக எடுத்த அந்த வாரத்தில் அவர் அந்த வரிக்கு வந்திருக்கவில்லை. இருக்கிறவரை அதை அலங்காரம் என்று யார் நினைப்பார்கள்?

மூலையில் முப்பத்தொன்று. எது மகள்? நேற்று கடை மூடும்போது எடுத்தது, அதற்கப்புறம் கடையில் வேறென்ன நடந்தது, ஒன்றுமில்லை, ஆக அதுதான் கடைசி. முப்பத்து நான்கு. வரிசையின் கடைசித் தாளை அமுக்கினார். தளம் படத்தைக் காட்டவில்லை. எண்ணை மட்டும் காட்டி, பக்கத்தில் பச்சை டிக் போட்டது. அனுப்பு என்று அமுக்கினார்.

‘விண்ணப்பம் பெறப்பட்டது. வரிசை எண் 38. நேரம் 10:03.’

நிதானம் நாற்காலியில் சாய்ந்தார். முதுகெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. மகளுக்குப் போன் பண்ண வேண்டும், வேண்டாம், டூட்டியில் இருப்பாள், தாளோடு நேரே போய் நிற்கலாம். பிரிண்ட் கொடுத்தார். தாள் மெல்ல வெளியே வந்தது. முதலில் ஆஸ்பத்திரியின் பெயர், பிறகு மகளின் பெயர், அதன் பக்கத்தில் படம்.

கட்டை மீசை. சட்டைக் காலர். காலையில் வந்த லாரி டிரைவர்.

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் விளங்கியது. திரும்பத் தளத்துக்குப் போய், மறுபடி எல்லாவற்றையும் அடித்து அனுப்பிப் பார்த்தார். ‘இந்த அடையாள எண்ணில் விண்ணப்பம் ஏற்கெனவே பெறப்பட்டது.’ அறிவிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். லைன் பிஸி. மறுபடி போட்டார். பிஸி. நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தாள். அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, “விதிமுறையப் படிச்சீங்களா சார்?” என்று கேட்டாள். படித்தேன் என்றார். “படிச்சிருந்தா ஏன் சார் இப்படி?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவளிடம் கோபப்படவும் அவருக்கு நியாயம் இல்லை. திரையில் அறுபதும் நிறைந்திருந்தது.

தாளைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவியிடம் என்ன சொல்வது, மகளிடம் எந்த வாயால் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, எதிர்க் கடையின் கண்ணாடிக் கதவு திறந்து மகள் வெளியே வந்தாள்.

தெருவைக் கடந்து வேகமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே வந்ததும் காதைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்கப்பா. டூட்டின்னு பொய் சொன்னேன். ஒம்பது மணிலேருந்து அங்கதான் உக்காந்திருந்தேன். உங்க சிஸ்டம் மறுபடி நின்னுடுச்சுன்னா என்ன பண்றதுன்னு பயம்.”

அவர் தாளின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

“கடைசிப் பக்கம் வரைக்கும் போயிட்டேன். போட்டோவும் ஏத்தியாச்சு. அனுப்புன்னு அமுக்கினா, ஏற்கெனவே வந்துடுச்சுன்னு சொல்லிடுச்சு. அந்த அக்கா சிரிச்சிட்டாங்க. ‘உங்கப்பா உன்ன முந்திட்டாரு’ன்னாங்க.”

“அப்போ எத்தனை மணி இருக்கும்?” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“பத்து மூணு தாண்டி இருக்கும். நீங்க அனுப்பின நேரத்தையும் அதுல காட்டுச்சு, உங்களுக்கு அப்புறம் ஒரு அஞ்சு நொடி, இல்ல பத்து நொடி. அதுக்குள்ள முந்திட்டீங்களேப்பா.”

ஐந்து நொடி. அந்தக் கிழத்தின் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அவர் ஒரு வாரம் பாடுபட்டு மிச்சம் பிடித்த நொடிகள். இன்றைக்கு ஒரு நாள் அது எப்போதும்போல் உயிரை எடுத்திருந்தால், மகள் தன் முகத்தோடு முப்பத்தொன்பதாவதாகவோ நாற்பதாவதாகவோ உள்ளே போயிருப்பாள்.

“போன வருஷத்துக்கு உங்க மேல கோவமாத்தாம்ப்பா இருந்தேன்” என்றாள் மகள். “சொல்லல, அவ்வளவுதான். இன்னிக்கு அந்தக் கோவமெல்லாம் போயிடுச்சு.”

அவர் கைக்குக் கீழிருந்த தாளை உருவி எடுத்துத் திருப்பினாள்.

“இது யாருப்பா?” என்றாள், சிரிப்பு இன்னும் போகாமல்.